புல்மோட்டைக் கறுப்பு மணலிடம் கேட்க முடியாத கேள்வி

பழைய வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று போதும். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலைக் காயவைத்துத் தாளில் மெல்லியதாகப் பரப்பி, விரற்கடை உயரத்தில் அந்தக் காந்தத்தைப் பிடித்தால் ஒருசில துகள்கள் மட்டும் துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்ளும். மற்றவை அதே கறுப்பு, அதே மினுக்கம், ஏறத்தாழ அதே பருமன். ஆனால் அசையாமல் கிடக்கும். துள்ளியவை மக்னடைட். கிடப்பவற்றில் பெரும்பாலானவை இல்மனைட். இரண்டுமே இரும்பு ஒட்சைட்டுகள்தாம். இல்மனைட்டில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு டைட்டேனியம் அணு என்று சேர்ந்திருப்பதால் சாதாரணக் காந்தத்துக்கு அது மசிவதில்லை. தொழிற்சாலையில் இருக்கும் வலிய காந்தத்துக்குத்தான் அது வரும்.

எரிமலைப் பாறையை ஆராய்பவர்கள் ஆவலோடு தேடுவது இந்த இரண்டையும்தான். பெரும்பாலான எரிமலைப் பாறைகளில் நூற்றுக்குச் சில பங்கே தேறும் கறுப்புப் புள்ளிகள் அவை. ஆனாலும் பாறைக்குழம்பு எத்தனை பாகை வெப்பத்தில் இருந்தது, அதில் ஒட்சிசன் எவ்வளவு கிடைத்தது, அது விரைவாக உறைந்ததா மெதுவாகவா, வெடிப்பதற்கு முன் கீழிருந்து புதுக்குழம்பு வந்து கலந்ததா, உறைந்தபோது அந்த நிலம் எந்த அகலாங்கில் இருந்தது என்பதையெல்லாம் அந்தப் புள்ளிகளிடமிருந்து கேட்டு வாங்கலாம். அதே கனிமம் இலட்சக்கணக்கான தொன் அளவில் கொட்டிக்கிடக்கும் புல்மோட்டையில் முதலாவது கேள்விக்குக்கூடப் பதில் கிடைக்காது. மணலின் தரத்தில் குறையேதும் இல்லை. உலகச் சந்தையில் நல்ல பெயர் வாங்கிய மணல்தான் அது. ஏன் பதில் கிடைக்காது என்பதை விளங்கிக்கொண்டால், எரிமலைப் பாறையிலிருந்து பதில் எப்படிக் கிடைக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் கடனீரேரிக்குத் தெற்கே, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாகப் படிந்திருக்கிறது இந்த மணல். அதில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இல்மனைட். சிர்க்கோனும் ரூட்டைலும் தலைக்கு எட்டு விழுக்காடு அளவில் உண்டு. மிச்சத்தில் சிலிமனைட், கார்னட், சிறிதளவு மொனசைட். 1957இல் இதற்கென்றே கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1992இல் அது அரச கம்பனியானது. போர்க்காலத்தில் இந்த மணலும் தப்பவில்லை. 1997 செப்டம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள். பல உயிர்கள் போயின. ஏற்றுமதி நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. தோண்டிய குழியை மாரிகாலத்து வாடைக்காற்றும் அலையும் திரும்பத் திரும்ப நிரப்பிவிடும் என்பது இந்தப் படிவின் தனிச்சிறப்பு. கடல் அள்ளித் தரும் செல்வம் என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

கறுப்பு மணல் என்றதும் எரிமலை நினைவுக்கு வருவது இயல்பு. ஹவாயிலும் ஐஸ்லாந்திலும் கரைகள் கறுத்துக் கிடப்பது எரிமலையால்தான். இங்கே அப்படியில்லை. இலங்கையில் எரிமலை கிடையாது. திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி அடியில் எரிமலை உறங்குகிறது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்த நீரின் சூடு 40 பாகை செல்சியஸை ஒட்டியது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான உட்சூட்டை வாங்கிக்கொண்டு மேலேறி வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கிணறுகளை உண்டாக்கியவன் இராவணன் என்ற கதையை நம்புவதற்காவது ஒரு சுவை இருக்கிறது. எரிமலைக் கதையில் அதுவும் இல்லை.

புல்மோட்டை இல்மனைட் வந்தது உள்நாட்டுப் பாறைகளிலிருந்து. திருகோணமலைக்கு அடியிலும் மேற்கிலும் கிடப்பவை பூமிக்குள் ஆழப் புதைந்து, 800 பாகைக்கு மேல் வெந்து, ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பாறைகள். அவை மழையிலும் வெயிலிலும் உக்கி உதிர்ந்தபோது மற்றக் கனிமங்கள் பலவும் களிமண்ணாகக் கரைந்துபோயின. இல்மனைட், சிர்க்கோன், ரூட்டைல் போன்ற முரடுகள் ஆற்றோடு உருண்டு கடலுக்கு வந்தன. சாதாரண மணலான குவார்ட்ஸ் நீரைப்போல் 2.65 மடங்கு கனம், இல்மனைட் 4.7 மடங்கு. திரும்பும் அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது. கனமானது கரையில் தங்கிவிடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புடைத்ததில் சேர்ந்ததுதான் இன்றைய படிவு.

இனி இரும்புக்கு வருவோம். இரும்பு அணு பாறைக்குள் இரண்டு நிலைகளில் இருக்கும். ஒட்சிசன் குறைவாகக் கிடைத்தால் இரண்டு இலத்திரன்களை மட்டும் இழந்த நிலை; அதை இரண்டாம் நிலை என்போம். தாராளமாகக் கிடைத்தால் மூன்றை இழந்த மூன்றாம் நிலை. மக்னடைட்டில் இரண்டு வகை இரும்பும் உண்டு. தூய இல்மனைட்டில் இரண்டாம் நிலை இரும்பு மட்டுமே. ஆனால் கொதிக்கும் பாறைக்குழம்பில் தூய மக்னடைட்டும் தூய இல்மனைட்டும் உருவாவதில்லை. மக்னடைட் தன் கட்டமைப்பைக் குலைக்காமலே டைட்டேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கி நிறைந்ததன் மறு எல்லைக்கு உல்வோஸ்பினல் என்று பெயர். இடைப்பட்டவை டைட்டனோமக்னடைட். மறுபக்கம் இல்மனைட், டைட்டேனியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மூன்றாம் நிலை இரும்பை ஏற்றுக்கொள்ளும். அதன் மறு எல்லை ஹேமடைட். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது அதுதான்.

ஆக, ஒரே குழம்பில் பக்கத்துப் பக்கத்தில் உறையும் இந்த இரண்டு கனிமங்களுக்கும் இடையே ஓயாமல் பண்டமாற்று நடந்துகொண்டிருக்கும். இங்கிருந்து ஒரு டைட்டேனியமும் ஓர் இரண்டாம் நிலை இரும்பும் அங்கே போகும். அங்கிருந்து இரண்டு மூன்றாம் நிலை இரும்புகள் இங்கே வரும். எந்த அளவில் இது சமநிலைக்கு வரும் என்பதை இரண்டே காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று வெப்பநிலை, மற்றது ஒட்சிசனின் அழுத்தம். தெரியாதவை இரண்டு. அளக்கக்கூடியவையும் இரண்டு: மக்னடைட்டில் டைட்டேனியம் எவ்வளவு, இல்மனைட்டில் மூன்றாம் நிலை இரும்பு எவ்வளவு. பள்ளிக்கூடத்தில் செய்த ஒருங்கமை சமன்பாடுகள்தாம். இரண்டில் ஒரு சமன்பாடு கையில் இல்லாவிட்டால் விடை இல்லை.

இதை வெறும் யோசனையாக விடாமல் அளவுகோலாக்கியவர்கள் அமெரிக்கர்களான ஆர்தர் பட்டிங்டனும் டொனால்ட் லின்ஸ்லியும். 1964இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுரை இன்றும் இத்துறையின் அடித்தளம். பட்டிங்டன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், பாறைகளைக் களத்தில் பார்த்துப் பழகியவர். லின்ஸ்லி ஆய்வுகூடத்தில் செயற்கையாகக் கனிமம் செய்து பார்ப்பவர். இரும்பும் டைட்டேனியமும் கலந்த பொடியைச் சிறு குழாயில் அடைத்து, குறித்த வெப்பத்தில் நாட்கணக்கில் வைத்திருந்து, சட்டென்று குளிரவைத்து, உள்ளே என்ன விளைந்தது என்று பார்க்க வேண்டும். இதில் கடினமானது ஒட்சிசனைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. 1200 பாகைப் பசால்ட்டுக் குழம்பில் ஒட்சிசனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். வாயுவாக அளந்து விடக்கூடிய அளவல்ல. ஹான்ஸ் ஒய்க்ஸ்டர் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். நிக்கலையும் நிக்கல் ஒட்சைட்டையும் சேர்த்துப் பக்கத்தில் வைத்தால், ஒட்சிசன் கூடினால் நிக்கல் அதை எடுத்துக்கொள்ளும், குறைந்தால் ஒட்சைட்டு விட்டுக்கொடுக்கும். அளவு தானாக ஒரே மட்டத்தில் நிற்கும். இன்றும் எரிமலை ஆய்வாளர்கள் ஒரு குழம்பின் ஒட்சிசன் நிலையை நிக்கல் மட்டத்துக்கு மேலே, கீழே என்றுதான் சொல்கிறார்கள்.

களத்தில் கிடைத்த பாறையின் ஒட்சைட்டுத் துகளைப் பகுப்பாய்வு செய்வதும் அக்காலத்தில் பெரும்பாடு. பாறையை இடித்து, காந்தத்தால் பிரித்து, இரசாயன முறையில் கரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் வேறுபாடு இருந்தால் அது தெரியாமலே போய்விடும். பிரான்சில் ரேமோன் காஸ்டேங் 1951இல் தமது ஆய்வேட்டில் விவரித்த இலத்திரன் நுண்ணாய்வுக் கருவி பரவலான பிறகுதான், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அகலமுள்ள புள்ளியில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்று பாறையை உடைக்காமலே அளக்க முடிந்தது. பாறைச் சீவலை மெருகேற்றிக் கருவிக்குள் வைத்து, தொட்டுக்கொண்டிருக்கும் மக்னடைட்டிலும் இல்மனைட்டிலும் ஒவ்வோர் இடத்தில் அளக்கலாம். கணக்குப் போட்டால் வெப்பம் வந்துவிடும். முன்பின் முப்பது, ஐம்பது பாகை பிழைக்கலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன குழம்பின் சூட்டை இவ்வளவு நெருங்கிச் சொல்ல முடிகிறதே, அது பெரிய காரியம்தான்.

எங்கள் கடலுக்கு அக்கரையில், சுமாத்திராவில் இருக்கிறது தோபா எரிமலை. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது எழுந்த சாம்பல் வங்காள விரிகுடாவின் அடிச்சேற்றிலும் இந்தியாவின் ஆற்றுப் படுகைகளிலும் இன்னும் அடுக்காகக் கிடக்கிறது. அந்தக் குழம்பு வெடிக்குமுன் ஏறத்தாழ 700க்கும் 780க்கும் இடைப்பட்ட பாகையில் இருந்தது என்பதைச் சொன்னவை அதிலிருந்த ஒட்சைட்டுச் சோடிகள். ஒரே குழம்புக்கு எண்பது பாகை இடைவெளி ஏன் என்று கேட்கலாம். பெரிய குழம்புத் தேக்கம் எங்கும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. வெவ்வேறு சூட்டில் இருந்த பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்திருக்கின்றன.

பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூன் 15இல் வெடித்தபோது ஒட்சைட்டுகளின் இரண்டாவது பதிலுக்கு, அதாவது ஒட்சிசன் பற்றிய பதிலுக்கு, எதிர்பாராத மதிப்புக் கிடைத்தது. வெடிப்பில் கிளம்பிய கந்தகவீரொட்சைட்டு ஒன்றரை முதல் இரண்டு கோடி தொன் வரை என்று செய்மதிகள் அளந்தன. உருகிய பாறையில் அவ்வளவு கந்தகம் கரைந்திருக்க வழியில்லை. பின் எங்கிருந்து வந்தது? பினாட்டுபோவின் நுரைக்கல்லில் இருந்த மக்னடைட், இல்மனைட் சோடி 780 பாகையை ஒட்டிய வெப்பத்தைக் காட்டியது. அதோடு, நிக்கல் மட்டத்துக்கும் மேலே, ஒட்சிசன் மிகுந்த குழம்பு என்றும் காட்டியது. அப்படிப்பட்ட குழம்பில் கந்தகம் சல்பேற்றாக மாறி அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகவே படியும். புதிய நுரைக்கல்லில் அந்தக் கனிமமும் கண்ணுக்குத் தெரிந்தது. கரைசலாக, கனிமமாக, வாயுக் குமிழாக மூன்று வழியிலும் கந்தகத்தைச் சேர்த்துவைத்திருந்த குழம்பு அது. உலகின் சராசரி வெப்பத்தை ஏறக்குறைய அரைப் பாகை குறைத்த வெடிப்புக்குக் காரணம் விளங்கியது. அன்ஹைட்ரைட் மழையில் கரைந்துவிடும். சில ஆண்டுகள் கழித்துப் போனால் நுரைக்கல்லில் அது இருந்த வெற்றுக் குழிகளே மிஞ்சும். ஒட்சைட்டுகள் கரைவதில்லை. ஆகவே பழங்காலத்து வெடிப்புகளில் கந்தகக் குழம்பு எது என்று தேடுபவர்களுக்கு இந்தக் கறுப்புப் புள்ளிகள்தாம் கதி.

அதே 1991 ஜூனில் ஜப்பானின் உன்சென் எரிமலையில் சரிந்த நெருப்புமேகம் 43 பேரைக் கொன்றது. அங்கே இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. உன்சென் குழம்பின் மக்னடைட் துகள்களில் விளிம்புக்கும் நடுவுக்கும் டைட்டேனியத்தின் அளவு வேறாக இருந்தது. குளிர்ந்த பழைய குழம்பில் பிறந்த துகள், கீழிருந்து சூடான புதுக்குழம்பு வந்து கலந்ததும் விளிம்பிலிருந்து உள்நோக்கி மாறத் தொடங்கியிருக்கிறது. முழுவதும் மாறுவதற்குள் வெடித்து வெளியே வந்து உறைந்துவிட்டது. குறிப்பிட்ட சூட்டில் டைட்டேனியம் ஒரு துகளுக்குள் என்ன வேகத்தில் ஊடுருவும் என்பது ஆய்வுகூடத்தில் அளந்த எண். எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு காலம் ஆனது என்று வந்துவிடும். 1995இல் மிச்சிஹிக்கோ நாக்கமுரா இப்படிக் கணக்கிட்டு, கலப்பு நடந்தது குழம்பு மேலே வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் என்று காட்டினார். நூற்றாண்டுக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். எரிமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

எரிமலையில் குழம்பு எப்படி உறைகிறது என்பதைக் கண்முன்னே பார்த்த இடமும் ஒன்று உண்டு. ஹவாயின் கிலவேயாவில், மாக்காஒப்பூஹி என்ற குழியை 1965 மார்ச்சில் எரிமலைக் குழம்பு நிரப்பி ஏரிபோல நின்றது. மேலே ஓடு கட்டியதும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் அதில் ஏறி நின்று துளையிட்டு, அடியில் உருகிக் கிடந்ததை வெவ்வேறு சூட்டில் மாதிரி எடுத்தார்கள். துளைக்குள் வெப்பமானியையும் ஒட்சிசன் அளக்கும் கருவியையும் இறக்கினார்கள். முதலில் ஒலிவின், பிறகு பைரொக்சீன், பிறகு பெல்ஸ்பார் என்று ஒவ்வொன்றாகப் படிகமாயின. இவற்றில் எதற்கும் டைட்டேனியம் அதிகம் வேண்டியதில்லை. ஆகவே மிஞ்சிய திரவத்தில் டைட்டேனியமும் இரும்பும் ஏறிக்கொண்டே போயின. சூடு ஏறக்குறைய 1070 பாகைக்கு இறங்கியபோது இல்மனைட் தலைகாட்டியது. 1030ஐ நெருங்கியபோது மக்னடைட். அதோடு ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கியது. திரவத்தில் இரும்பு குறைந்து சிலிக்கா கூடியது.

இதைப் படிக்கும்போது பழைய சண்டையொன்று ஞாபகம் வரும். குழம்பு உறைய உறைய மிச்சத் திரவத்தில் சிலிக்காதான் கூடும் என்றார் நோர்மன் போவன். இல்லை, இரும்பு கூடும் என்றார் கிளாரன்ஸ் ஃபென்னர். இருவரும் ஒரே ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள். இருவர் கையிலும் சான்று இருந்தது. 1959இல் எல்பர்ட் ஒஸ்போர்ன் ஒட்சிசனைக் கணக்கில் எடுத்தபோது சிக்கல் அவிழ்ந்தது. ஒட்சிசன் குறைந்தால் மக்னடைட் பிந்தும். அதுவரை இரும்பு திரவத்தில் சேரும். ஒட்சிசன் மிகுந்தால் மக்னடைட் முந்தும். இரும்பு ஆரம்பத்திலேயே கழிந்து, மிச்சம் சிலிக்கா நிறைந்த பசைக்குழம்பாகும். மும்பாய்க்குப் பின்னால் மலைமலையாய் அடுக்கியிருக்கும் தக்காணப் பசால்ட்டு முதல் வகை. இந்தோனேசியாவின், பிலிப்பைன்ஸின், ஜப்பானின் வெடிக்கும் எரிமலைகள் இரண்டாம் வகை. ஒன்று அமைதியாக ஓடிப் பரந்ததற்கும் மற்றது வானத்துக்கு எகிறியதற்கும் பின்னால் இந்தக் கறுப்புத் துகள் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்ற வேறுபாடும் இருக்கிறது. நீரும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்றாலும், ஒட்சைட்டை மறந்துவிட்டு நீரை மட்டும் பேசுகிற பாடப்புத்தகங்கள் பாதிக் கதைதான் சொல்கின்றன.

குளிர்ந்த வேகமும் துகளில் எழுதப்பட்டிருக்கும். சீனிப்பாகு சட்டென்று ஆறினால் வழவழவென்று கட்டிபடுவதும் நாட்கணக்கில் விட்டால் கற்கண்டாவதும் போலத்தான் இது. கடலில் விழுந்து நொடியில் உறைந்த குழம்பின் விளிம்பில் மக்னடைட் முழு உருவம் பெறாது. சிலுவை வடிவில், கிளை விட்ட எலும்புக்கூடாக நிற்கும். அதே குழம்புப் பாய்ச்சலின் நடுப்பகுதியில், மாதக்கணக்காகச் சூடு தணிந்த இடத்தில், முழுப் படிகமாக இருக்கும். அந்தப் படிகத்தை மெருகேற்றி, ஒளி தெறிக்கும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தளத்தில் சற்றே இளஞ்சிவப்புக் கலந்த மெல்லிய கீற்றுகள், மூன்று திசைகளில், தட்டியிலே பின்னிய மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். துகளை வைத்த மேடையைக் குறுக்குத் துருவமாக்கிய ஒளியில் சுழற்றினால் தளம் இருண்டபடியே நிற்கும். கீற்றுகள் மட்டும் ஒளிர்ந்து மங்கி ஒளிரும். தளம் மக்னடைட், கீற்று இல்மனைட். ஆறிக்கொண்டிருந்தபோது ஒட்சிசன் உள்ளே புகுந்து டைட்டனோமக்னடைட்டை இரண்டாகப் பிரித்த தடயம் அது.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. இந்தச் சோடி எளிதில் மாறும் என்பதால்தான் உன்செனில் மாதக்கணக்கைச் சொல்ல முடிந்தது. அதே காரணத்தால், மெதுவாக ஆறிய பாறையில் பண்டமாற்று நிற்காமல் தொடர்ந்துகொண்டே போய், முதற்சூட்டின் பதிவை அழித்துவிடும். 800 பாகைக்கு மேல் வெந்த எங்கள் உருமாறிய பாறைகளில் ஒட்சைட்டுச் சோடியை அளந்தால் அது காட்டுவது, ஆறி வரும்போது பரிமாற்றம் எப்போது நின்றது என்பதைத்தான். உச்ச வெப்பத்தை அறியக் கார்னட், பைரொக்சீன் என்று வேறு சோடிகளைத்தான் நாட வேண்டும். எரிமலைப் பாறை வேகமாக உறைகிறது. ஆகவே இந்த அளவுகோல் அங்கே நன்றாக வேலை செய்கிறது.

காந்தத்துக்கும் வருவோம். தூய மக்னடைட் 580 பாகைக்கு மேல் காந்தத்தன்மையை இழக்கும். டைட்டேனியம் சேரச் சேர அந்த எல்லை இறங்கும். பசால்ட்டில் வழக்கமாகக் காணும் டைட்டனோமக்னடைட்டில் 200 பாகைக்கும் கீழே போய்விடும். உறைந்த குழம்பு அந்த எல்லையைத் தாண்டிக் குளிரும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் இருந்ததோ அதைத் துகள் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாய்வு அகலாங்கைச் சொல்லிவிடும். 1950களில் இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட்டின் குழுவைச் சேர்ந்த கிளெக், டொய்ச், கிரிஃபித்ஸ் ஆகியோர் தக்காணப் பாறைகளை அளந்து 1956இல் வெளியிட்டார்கள். அந்தப் பாறைகள் உறைந்தபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்திருக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னால் சிரித்த காலம் அது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கறுப்புப் புள்ளிகள் சொன்ன சாட்சியத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை.

எங்கள் பக்கத்திலும் எரிமலைக்குழம்பின் உறவினர்கள் இல்லாமலில்லை. கிழக்கு இலங்கையில், பழைய பாறைகளின் பிளவுகளுக்குள் குழம்பு புகுந்து சுவர்போல உறைந்த டொலரைட் பாறைகள் உண்டு. கல்லோடைப் பக்கத்தில் இருப்பது அவற்றில் ஒன்று. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகள் பழமையானது. இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காலம். இத்தகைய பாறைகளின் காந்தப் பதிவை ஜப்பானிய ஆய்வாளர்களும் பேராதனையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து அளந்து, கோண்டுவானா என்ற அந்தப் பழைய பெருங்கண்டத்தில் இலங்கை எங்கே பொருந்தியிருந்தது என்று தேடியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சுவரின் விளிம்பு, குளிர்ந்த பாறையைத் தொட்டதால் மாவுபோல நுண்ணியதாக உறைந்திருக்கும். நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும் படிகங்களாக இருக்கும். கையகல இரண்டு துண்டுகளில் இந்தக் கட்டுரையில் பாதியைக் காட்டிவிடலாம்.

இப்போது மணல் ஏன் பேசாது என்பது தெரிந்திருக்கும். புல்மோட்டைத் துகள் ஒவ்வொன்றும் தன் சோடியைப் பிரிந்து வந்தது. அது எந்த மக்னடைட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பது எவருக்கும் தெரியாது. மக்னடைட்டோ வழியிலேயே உக்கிப்போகும் இயல்புடையது. கரைக்கு வந்து சேர்ந்தது சொற்பம். ஒரு சமன்பாடு கையில், மற்றது காணாமற்போயிற்று. பக்கத்திலேயே கிடக்கும் சிர்க்கோனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. யுரேனியத்தையும் அது சிதைந்து உண்டான ஈயத்தையும் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், தனித்துகளாக நின்றே தன் வயதைச் சொல்லிவிடும்.

தனி இல்மனைட் துகள் முற்றிலும் ஊமை என்றும் சொல்லிவிட முடியாது. பாறையை விட்டு வந்தபின் அதற்கு நேர்ந்ததை அது சொல்லும். தூய இல்மனைட்டில் டைட்டேனியம் ஈரொட்சைட்டு 52.7 விழுக்காடு. புல்மோட்டை மணலில் அது 53ஐ ஒட்டியும் சற்று மேலும் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் 55. கேரளத்துச் சவறையில் 60. நீரும் வெயிலும் இரும்பைக் கரைத்துக்கொண்டு போகப் போக டைட்டேனியத்தின் பங்கு கூடுகிறது. ஆகவே சவறைத் துகள் நெடுங்காலம் உக்கியது. எங்களுடையது ஒப்பளவில் புதிது. வெள்ளைப் பெயின்ட் செய்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். எரிமலைச் சூட்டை அறிய விரும்புகிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

கிழக்கில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பயணம் என்றால் எல்லோரும் பிள்ளைகளைப் புல்மோட்டைக்குக் கூட்டிப்போகிறார்கள். போங்கள், காந்தமும் கொண்டுபோங்கள். ஆனால் டொலரைட் சுவர் தெரியும் இடத்துக்கும் ஒருமுறை போய், விளிம்பில் ஒரு துண்டும் நடுவில் ஒரு துண்டும் உடைத்து, எந்த இடம், எந்தப் பக்கம் வடக்கு என்று கல்லின் மீதே எழுதி எடுத்துவாருங்கள். வீதிக்குச் சல்லி உடைக்க மிகவும் ஏற்ற கல் என்பதால் இத்தகைய பாறைகள் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மெருகேற்றிய சீவலுக்கு ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையைக் கேட்டுப் பார்க்கலாம். மணலை மட்டும் அள்ளி வராதீர்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி உரிமமில்லாமல் கனியம் எடுப்பது குற்றம்.